வாசல் நாற்காலியா மறுவாழ்வு?

பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவரைப் பற்றி நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "அவருக்கென்னப்பா, மிலிட்டரிக்காரர்!" மாதம் பிறந்தால் பென்ஷன், கேன்டீனில் சலுகை விலைக்குச் சாமான், ஆஸ்பத்திரிக்கு அட்டை, அதுவும் போதாதென்றால் ஏதாவது ஒரு கேட்டில் செக்யூரிட்டி வேலை. நாற்பது வயதுக்குள் இத்தனையும் கைக்கு வந்தவருக்கு என்ன குறை இருக்க முடியும்? மனசைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பார்கள். பனியிலும் பாலையிலும் நின்றவன், குண்டுச் சத்தத்தில் சோறு தின்றவன், அவன் மனசு இரும்பு. கவுன்சலிங் எல்லாம் அமெரிக்காக்காரனுக்கு. கொஞ்சம் குடிக்கிறாரா? குடிக்கட்டுமே, ராணுவத்தில் இருந்தவர்.

இப்படிச் சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். மரியாதையோடுதான் சொல்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. வசையாக இருந்தால் அந்த மனிதர் திருப்பிப் பேசிவிடுவார். புகழ்ச்சியை எப்படி மறுப்பது? இரும்பு என்று ஊரே சொன்ன பிறகு, விடியும்வரை கண் மூடவில்லை என்பதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? இந்தப் புகழ்ச்சி பொய் என்பதும், அந்தப் பொய்யின் மீது கட்டப்பட்டிருக்கும் 'செக்யூரிட்டி மறுவாழ்வு' மறுவாழ்வே அல்ல என்பதும் என் வாதம்.

இரும்பிலிருந்து தொடங்குவோம். 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மத்திய ஆயுதக் காவல் படைகளில் 654 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இது அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு. நம் நெய்வேலிச் சுரங்க வாசல்களில் நிற்கிற சிஐஎஸ்எஃப் படையினரும் அதில் அடக்கம். முப்படைகளின் கணக்கும் நாடாளுமன்றத்துக்கு வந்தது: 2010-லிருந்து பத்தாண்டுக்குள் ராணுவத்தில் 895, விமானப்படையில் 185, கடற்படையில் 32. எதிரியின் குண்டில் செத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில் 'குடும்பப் பிரச்சினை' என்பது. அரசுத் தரப்பும் அதைத்தான் காரணப் பட்டியலில் முன்னால் வைக்கிறது. சரி, அந்தக் குடும்பப் பிரச்சினை எங்கிருந்து முளைத்தது? வருடத்துக்கு இரண்டு மாத லீவில் மட்டும் வீட்டைப் பார்க்கிற ஒருவருக்கு வரப்புத் தகராறும் மகனின் படிப்பும் மனைவியின் காய்ச்சலும் போனில்தான் வந்து சேர்கின்றன. எதிலும் கை வைக்க முடியாது. பணி ஒன்று, குடும்பம் வேறு என்று பிரித்துக் கணக்கெழுதுவது கணக்கெழுதுகிறவருக்கு வசதி, அவ்வளவுதான்.

சீருடையைக் கழற்றிய பிறகு அந்தக் கணக்கும் நின்றுவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தற்கொலைகளைத் தொழில்வாரியாகப் பிரித்துக் காட்டும்போது தினக்கூலி, விவசாயம், சுயதொழில், ஓய்வுபெற்றோர் என்று கட்டங்கள் இருக்கின்றன. முன்னாள் படைவீரருக்கென்று ஒரு கட்டம் இல்லை. 38 வயதில் பட்டாளத்தை விட்டு வந்து ஏஜென்சியில் வேலை பார்த்த ஒருவர் இறந்தால் அவர் தனியார் நிறுவன ஊழியர். பட்டாளம் அவர் சாவிலிருந்து சத்தமில்லாமல் விலகிக்கொள்கிறது.

'அமெரிக்க வியாதி' என்கிறார்களே, அதன் வரலாறு வேறு. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 74,000 பேர் வரை திரும்பவில்லை. அதே போரில், காயம் எதுவும் தென்படாமலேயே பார்வையும் நினைவும் தடுமாறிய சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் லான்செட் இதழில் எழுதினார். பிறகு உலகம் அதை மறந்தது. மீண்டும் நினைவுபடுத்தியவர்கள் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள். 1970 முதல் நியூயார்க்கில் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்டார்கள். ராபர்ட் லிஃப்டன், கைம் ஷாட்டன் போன்ற மனநல மருத்துவர்கள் கூட இருந்தார்கள். அந்தப் பேச்சும் அதைத் தொடர்ந்த போராட்டமும் சேர்ந்துதான் 1980-இல் போர் மனத்தில் விட்டுப்போகும் இந்த நோய்க்கு மருத்துவப் பட்டியலில் ஓர் இடம் வாங்கித் தந்தன. பெயர் அமெரிக்காவில் வைத்தது. நோய், போர் நடந்த இடமெல்லாம் இருந்தது.

நம் ராணுவத்துக்கே இது தெரியாத சங்கதியும் அல்ல. சிப்பாயின் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்தெழுத்துக் குறியில்தான் குறிப்பார்கள். அதில் காதும் கையும் காலும் கண்ணும் பின்னால் வருகின்றன, முதல் எழுத்தான 'எஸ்' மனநிலைக்கு உரியது. 'ஷேப் ஒன்' என்று சொல்லும்போது எந்தப் பட்டாளத்துக்காரருக்கும் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிரும். அந்த 'எஸ்' ஒரு படி இறங்கினால் பதவி உயர்வு ஆட்டம் காணும், கூட இருப்பவர்களின் பார்வை மாறும். அதனால் முட்டிவலிக்கு மருத்துவரிடம் ஓடுகிறவர்கூட தூக்கமின்மையை மறைத்துவிடுவார். பதினைந்து, பதினேழு வருடம் மறைத்துப் பழகியவர் ஊருக்கு வந்ததும் திடீரென்று வாய் திறப்பாரா?

திறந்தாலும் காகிதம் குறுக்கே நிற்கும். ஊனமுற்றோர் பென்ஷன் கிடைக்க வேண்டுமானால் நோய் பணியால் வந்தது, அல்லது பணியால் மோசமானது என்று மருத்துவக் குழு எழுத வேண்டும். மனநோய் என்றால் 'இயல்பிலேயே உள்ளது, பணிக்குத் தொடர்பில்லை' என்று எழுதுவது நெடுங்கால வழக்கம். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நல்ல உடல்நிலை என்று எடுத்துக்கொண்டு, நோய் பற்றி எந்தக் குறிப்பும் எழுதாமல் விட்டிருந்தால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு. தீர்ப்பு வந்த பிறகும் அதே வகை வழக்குகள் தீர்ப்பாயங்களில் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. தேர்வு மைதானத்தில் ஓடவிட்டு, மார்பளந்து, பல்லை எண்ணி எடுத்த ஆளைத் திருப்பி அனுப்பும்போது 'பிறவிக் கோளாறு' என்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் பழியை முழுவதும் டெல்லி தலையில் கட்டிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. காயத்தைத் தரம் பிரிக்கிற பழக்கம் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். மார்பில் பட்டால் விழுப்புண், பெருமை. முதுகில் பட்டால் புறப்புண், வெட்கம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் காயம் பட்டது. மார்பைத் துளைத்த வேல் முதுகில் வெளிவந்ததால் உண்டான புண் அது என்பது பழைய விளக்கம். அதாவது அவன் ஓடவில்லை. இருந்தும் நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூற்றில் புலவர்கள் அவனைப் பாடினார்கள். 'இது எதிரே நின்று வாங்கிய காயம்தான், எழுந்து வா' என்று அவனிடம் யாரும் சொன்னதாகப் பாட்டில் இல்லை. மனசில் பட்ட அடியை நாம் இன்றுவரை புறப்புண் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். வீரக்கல் நட்டுக் கும்பிட்டவர்கள் நாம், கல் செத்தவருக்குத்தான். 'அமரன்' படம் பார்த்துக் கண் கலங்கி வெளியே வந்தவர்கள், கொட்டகை வாசலில் வண்டி டோக்கன் கிழித்துத் தந்த முன்னாள் சிப்பாயின் முகத்தைப் பார்த்தார்களா என்பது என் சந்தேகம்.

தமிழ்நாட்டுக்கென்றே இதில் ஒரு தனிக் கணக்கு பாக்கி இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்கள் இருந்தன; மற்றப் பிரிவுகளிலும் தமிழ் பேசும் சிப்பாய்கள் இருந்தார்கள். அமைதி காக்கப் போனவர்கள் அக்டோபரில் சண்டைக்குள் விழுந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கிய காலாட்படையினர் 30 பேரில் ஒருவர்தான் மிஞ்சினார். அதே மாதம் 21, 22 தேதிகளில், தீபாவளியன்று தொடங்கி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் படையினரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியபோது படை இழந்திருந்தது ஏறத்தாழ 1,200 பேரை. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மனநிலையும் அதுதான்.

அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது யார் மேல் இறங்கியது? அனுப்பியவர்கள் டெல்லியில் இருந்தார்கள், அவர்களுக்கு அடுத்த தேர்தல் இருந்தது. சிப்பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி ஊருக்கு வந்தார். இலங்கையில் கண்டதை அவர் ரெஜிமென்ட்டில் பேச முடியாது. ஊரில் பேசினால் துரோகி. தன் மொழியில் கெஞ்சியவர்களின் வீடுகளுக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவர் அவர். 'மொழிபெயர்த்துச் சொல்லு' என்று மேலதிகாரி முன்னால் தள்ளிய ஆளும் அவர்தான். வியட்நாம் வீரர்களுக்கு பாஸ்டனில் நெடுங்காலம் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே, 1994-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொன்னார். பயத்தால் வருகிற காயம் ஒன்று. சரி என்று நம்பியதற்கு எதிராகச் செய்ய வைக்கப்பட்டதால், நம்பியவர்களே கைவிட்டதால், அறத்தில் படுகிற காயம் இன்னொன்று. முதலாவதற்கு மாத்திரை ஓரளவு உதவும். இரண்டாவதற்குக் கேட்கிற காது வேண்டும். அமைதிப்படையில் போய்வந்த தமிழ்ச் சிப்பாய்க்கு முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்தக் காதைத்தான் நாம் கொடுக்கவில்லை. இப்போது அவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. இரும்பு என்று நாம் மெச்சிய மௌனத்தில் ஒரு பங்கு, நாமே வாயை அடைத்ததால் வந்தது.

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும், வலுவானதும்கூட: 'காலே போனவர்கள் மெடல் வாங்கவில்லையா? எல்லாம் மன உறுதிதான்.' முரளிகாந்த் பேட்கரைச் சொல்வார்கள். 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், 1972-இல் ஹைடல்பெர்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். நம் கும்பகோணத்து ஆனந்தன் குணசேகரனைச் சொல்வார்கள்: மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர், 2008-இல் காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர், 2019-இல் உஹானில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டிகளில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் மூன்றிலும் தங்கம். 2002-இல் கண்ணிவெடியில் காலைப் பறிகொடுத்த நாகாலாந்தின் ஹொகாட்டோ சேமா, 2024 பாரிஸில் குண்டெறிதலில் வெண்கலம் வாங்கினார்.

இவர்களை வணங்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கதைகளை மேடையில் சொல்கிறவர்கள் பாதியைத் தின்றுவிடுகிறார்கள். இவர்களுக்குப் பின்னால் புனே இருக்கிறது. 1944-இல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம், கிர்க்கியில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு இல்லம், அதே ஊரில் ராணுவம் நடத்துகிற பாராலிம்பிக் பயிற்சி மையம், பயிற்சியாளர்கள், சம்பளம் நிற்காத வேலை, எல்லாவற்றுக்கும் மேலாக, கால் போன இன்னொருவர் பக்கத்து டிராக்கில் ஓடுகிற காட்சி. மன உறுதி இருந்தது, சரி. அது ஊன்றி நிற்க ஒரு தரையும் இருந்தது. தரையை மறைத்துவிட்டு உறுதியை மட்டும் காட்டினால், மீள முடியாதவரைப் பார்த்து 'உனக்கு உறுதி போதாது' என்று சொன்னதாகிவிடும். பேட்கருக்கே பத்மஸ்ரீ 2018-இல்தான் வந்தது; தங்கத்துக்கும் விருதுக்கும் நடுவில் 46 வருடம். வென்றவரையே அவ்வளவு காலம் மறந்திருந்த நாடு, மெடல் இல்லாதவரை எப்போது நினைக்கும்?

இனி நாற்காலிக்கு வருகிறேன்.

முன்னாள் ராணுவத்தினர் என்றதும் நம் மண்டையில் தோன்றும் படம் கேட், சீருடை, பதிவேடு, பிளாஸ்டிக் நாற்காலி. வங்கி, ஏடிஎம், பள்ளிக்கூடம், நகைக்கடை எங்கும் அதே படம். தமிழக அரசு 1986-இல் டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகத்தைத் தொடங்கியது. அதன் மூலம் வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் காவலர்கள். டெக்ஸ்கோவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆள்பிடி ஏஜென்சிகளோடு ஒப்பிட்டால் அது ஒழுங்கான ஏற்பாடு, பல வீடுகளில் உலை கொதிக்க வைத்திருக்கிறது. செக்யூரிட்டி வேலையை விரும்பிச் செய்கிறவர்களும் உண்டு. என் சண்டை அந்த வேலையோடு அல்ல. அது ஒன்றுதான் இவர்களுக்குப் பொருத்தம் என்கிற தீர்ப்போடு.

பொருத்தம் என்பதை யோசித்துப் பாருங்கள். போர் மனத்தில் விட்டுப்போகிற அடையாளங்களில் முக்கியமானது ஓயாத உஷார்: தூங்க முடியாமை, ஒவ்வொரு காலடிக்கும் திரும்பிப் பார்ப்பது, கதவுக்கு எதிரே உட்கார்ந்தால்தான் நிம்மதி. தூக்கம் வராத மனிதருக்குத் தூங்காமல் இருப்பதையே வேலையாகக் கொடுக்கிறோம். பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் இரவில், தனியாக. பகலில் குழந்தைகள் சத்தத்தில் பாதித் தூக்கம். பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. பட்டாளத்தில் இருந்த தோழர் கூட்டமும் இல்லை, வீட்டுக்குத் திரும்பியவருக்கு உரிய வீடும் இல்லை. காய்ச்சல்காரனை வெயிலில் நிறுத்தி, உடம்பு சூடாகத்தானே இருக்கிறது, வெயில் இவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதைப் போன்ற பொருத்தம் இது.

இன்னொரு அபத்தமும் உண்டு. பட்டாளம் என்றால் துப்பாக்கி என்று நினைக்கிறோம். படையில் பெரும்பகுதி வேறு வேலை செய்கிறது. இஎம்இ-யில் டீசல் இன்ஜின் பிரித்துக் கோத்தவர்கள், சிக்னல்ஸில் ஒயர்லெஸ் பார்த்தவர்கள், மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்ட்கள், சாப்பர்ஸில் பாலம் போட்டவர்கள், மலைச்சாலையில் டோசர் ஓட்டியவர்கள். இப்போது நெய்வேலியைப் பாருங்கள். மூன்று திறந்தவெளிச் சுரங்கங்கள், பக்கெட் வீல் இயந்திரங்கள், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட், நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் ஓடுகிற பம்புகள், டோசர்கள். இந்த ஊரில் டோசர் ஓட்டத் தெரிந்த முன்னாள் சிப்பாய், டோசர் உள்ளே போவதைப் பதிவேட்டில் எழுதும் வேலையில் உட்காருகிறார் என்றால், அவர் டிஸ்சார்ஜ் புக்கை யாருமே பக்கம் புரட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் சி பிரிவில் 14.5 சதவீதம், டி பிரிவில் 24.5 சதவீதம். பதினைந்து வருடம் பணி முடித்த பத்தாம் வகுப்புக்காரர், பட்டப்படிப்பு கேட்கிற சி பிரிவுப் பணிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு விதி இருக்கிறது. ஆனால் சதவீதம் என்பது நிரந்தர வேலைக்கு ஆளெடுக்கும்போதுதான் உயிர் பெறும். நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பெருத்த ஊரில் 24.5 சதவீதம் எதில்?

மந்தாரக்குப்பத்தில் இதைச் சொன்னால் சூடான கேள்வி ஒன்று திரும்பி வரும்: 'நிலம் கொடுத்தவனுக்கே வேலை இல்லை, பென்ஷன் வாங்குகிறவனுக்கு எதற்கு?' இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 1956-இல் என்எல்சி சுரங்க நிறுவனம் பிறந்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரம் ஊர் ஊராக இடம்பெயர்ந்திருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரின் மேல் இயந்திரம் இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கேள்வி நிலம் இழந்தவரையும் பட்டாளத்திலிருந்து வந்தவரையும் ஒரே எலும்புக்கு அடித்துக்கொள்ள விடுகிறது. பல வீடுகளில் இருவரும் அண்ணன் தம்பி. ஒருவரின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், இன்னொருவரின் இளமையை. திரும்பத் தருவதென்றால் இருவருக்கும் சேர்த்துத் தருகிற வழி உண்டா என்று கேட்பதுதான் சரி. உண்டு. இந்தியாவிலேயே, நாற்பது வருடமாக.

முசோரி மலைகளைச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சுரண்டித் தள்ளியிருந்தன. 1982-இல் பிராந்திய ராணுவத்தின் 127-ஆவது பட்டாலியன், கார்வால் ரைஃபிள்ஸைச் சார்ந்த சுற்றுச்சூழல் பணிப்படையாக எழுப்பப்பட்டது. அதிகாரிகள் சிலர் தவிர, அதில் வேலை செய்தவர்கள் அந்தந்த மலைக்கிராமங்களைச் சேர்ந்த முன்னாள் சிப்பாய்கள். டூன் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பலவற்றை மூட 1985-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் இவர்கள் தடுப்பணை கட்டினார்கள், நாற்று நட்டார்கள், ஆடுமாடு ஏறாமல் காத்தார்கள். மலை மறுபடி பச்சையானது. முதல் பட்டாலியன் எழுந்த அடுத்த வருடமே ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய் ஓரத்து மணலை நிறுத்த இன்னொரு பட்டாலியன். பிறகு வேறு மாநிலங்களிலும்.

இதில் என்னைக் கவர்வது மரங்களின் எண்ணிக்கையல்ல. அந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு. காலையில் அணிவகுப்பு உண்டு, கூட்டாளிகள் உண்டு, பட்டாளத்து மொழி உண்டு. அதே சமயம் வேலை சொந்த ஊர்ப் பக்கத்தில். செய்வது அழிவின் எதிர்த்திசையில் போகிற வேலை. நட்டது வளர்ந்ததா என்று அடுத்த மழைக்குப் போய்ப் பார்க்கலாம். நியூயார்க்கில் அந்த வீரர்கள் அறைக்குள் உட்கார்ந்து செய்ததை, கார்வாலில் இவர்கள் மண்வெட்டியோடு செய்தார்கள். பக்கத்தில் இருப்பவனும் அதே இடத்துக்குப் போய்வந்தவன் என்பதால் பாதிக் கதையை வாயால் சொல்லவே வேண்டியதில்லை.

நெய்வேலியில் தோண்டி முடித்த நிலம் இருக்கிறது. மேல்மண்ணும் மணற்பாறையும் கலந்து கொட்டிய மேடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியில் என்எல்சி மரம் வளர்த்தும் பயிரிட்டும் காட்டியிருக்கிறது. செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த வேலையை டெண்டர் விட்டு ஒப்பந்தக்காரரிடம் தருவதற்குப் பதிலாக, முன்னாள் படைவீரரும் நிலமிழந்த குடும்பத்தினரும் சேர்ந்த ஒரு பணிப்படையிடம் தந்தால் என்ன? மண்ணை அறிந்தவர் ஒருவர், ஒழுங்கையும் இயந்திரத்தையும் அறிந்தவர் இன்னொருவர்.

சிகிச்சை வேண்டாம், மரம் நட்டால் போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மனநோய்க்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். படையினருக்கென்று தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கியது. ஆனால் 'இரும்பு மனசு' என்ற பட்டத்தோடு தெருவில் நடப்பவர் அந்த எண்ணை அழுத்த மாட்டார். இந்த ஊருக்கு மனக்காயம் புரியாததும் அல்ல. இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 என இரண்டு முறை பாய்லர் வெடித்தது. அதில் உயிர் தப்பிய ஒருவர் மறுபடி அந்த யூனிட் பக்கம் போகக் கால் நடுங்கினால் அவரைக் கோழை என்று சொல்ல மந்தாரக்குப்பத்தில் யாருக்கும் நாக்கு வராது. சுரங்கத்தில் பாறை உடைக்க வெடி வைக்கும்போது சட்டென்று சுவரோரம் ஒதுங்குகிற முன்னாள் சிப்பாயைப் பார்த்துச் சிரிக்க மட்டும் எப்படி வருகிறது?

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. கேன்டீன் சரக்குக்காக வாசலில் நிற்பது யார்? கல்யாணத்துக்கு இரண்டு, காதுகுத்துக்கு ஒன்று, ஆபீசருக்குக் கொடுக்க ஒன்று என்று 'மிலிட்டரி மாமா'விடம் வாங்கிப் போகிற அதே ஊர்தான், அவர் மீதியைக் குடித்துவிட்டுத் திண்ணையில் கிடந்தால் 'குடிகாரன்' என்கிறது. தூக்க மாத்திரைக்குச் சீட்டு கேட்க வெட்கப்பட்டவர், வெட்கமில்லாமல் கிடைப்பதைக் குடிக்கிறார். அந்த வீட்டில் சத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வருடத்துக்கு இரண்டு மாத விருந்தாளியாக இருந்தவர் இப்போது முழுநேரமும் வீட்டில் இருக்கிறார் என்பதே அவளுக்கு ஒரு புது வாழ்க்கை.

தமிழக அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். கடையும் கணக்கும் பழகாதவரைக் கடனுக்குள் இறக்குவதில் ஆபத்து உண்டு. ஆனாலும் 'நீ என்ன செய்ய விரும்புகிறாய்' என்று அவரிடம் கேட்கிற திட்டம் என்பதால் எனக்குப் பிடிக்கிறது. கேட் வேலை தருகிறவர் அதைக் கேட்பதில்லை.

'பென்ஷன் இருக்கிறதே' என்ற கடைசி முட்டுக்கட்டையும் சரியப் போகிறது. 2022 ஜூனில் வந்த அக்னிபாத் திட்டப்படி சேர்கிறவர்களில் 25 சதவீதம் பேரைத்தான் நான்கு வருடத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதி. பென்ஷன் கிடையாது, கேன்டீன் அட்டையும் ஆஸ்பத்திரி அட்டையும் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதிகூடக் கிடையாது. ராணுவத்தில் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 22 வயதில், 23 வயதில் ஊர் திரும்பும் பையனைப் பார்த்து 'உனக்கென்னப்பா' என்று சொல்ல முடியாது. அவனுக்கும் நாற்காலிதான் என்றால் நாற்பது வருடம் அதில் உட்கார வேண்டும்.

'எல்லாம் சரி, பணம்?' என்று கேட்பார்கள். சுரங்கத்தை மூடும் காலத்தில் நிலத்தைச் சீர்செய்வதற்கென்று ஒவ்வொரு வருடமும் ஒரு தொகையைத் தனி வைப்புக் கணக்கில் கட்டி வர வேண்டும் என்பது நிலக்கரி அமைச்சகத்தின் விதி. பழுப்பு நிலக்கரிக்கும் அது உண்டு. லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பதும் 2013 நிறுவனச் சட்டத்தில் இருக்கிறது. பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று தெரியும், வேலை எந்த மேட்டில் கிடக்கிறது என்று தெரியும், ஆட்கள் எந்தக் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் தெரியும். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர்க் கூட்டம் அடுத்து நடக்கும்போது, பட்டா, பென்ஷன் நிலுவை மனுக்களுக்கு நடுவில் இந்த மனுவையும் ஒருவர் வைக்கலாம்.